சைக்கிள் பயணத்தில் பார்த்த பூவுக்கும் பறவைக்கும் பெயர் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடும் சைக்கிளில் இருந்தபடியே பார்த்துப் பெயர் சொல்ல முடியுமா?

ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும் முடியும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு நாலு மீட்டருக்கு மேல் நகர்கிறீர்கள். சாலையோரத்துப் பூ ஒன்று தெளிவாகக் கண்ணில் நிற்பது இரண்டு மூன்று நொடிதான். அதற்குள் நிறம் மட்டும் மனதில் பதியும். பெயர் தேடுகிறவருக்கு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் செய்ய முடியாது. "சின்ன மஞ்சள் பூ" என்று தேடிப் பாருங்கள், ஆயிரம் செடி வந்து நிற்கும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சாலையில் சாட்சி சேர்ப்பது, இரவில் தங்கிய இடத்தில் பெயர் தேடுவது. முதல் சில பயணங்களில் நான் இதைக் கலந்து குழப்பிக்கொண்டேன். வெயிலில் நின்று போனில் பெயரைத் தேடி, கிடைக்காமல் எரிச்சலாகி, செடியைச் சரியாகப் பார்க்காமலே கிளம்பிவிடுவேன். இரவில் பார்த்தால் கையில் இருப்பது மங்கலான ஒரே ஒரு படம். நின்ற இரண்டு நிமிடத்தையும் திரைக்குக் கொடுக்காமல் செடிக்குக் கொடுத்திருந்தால் பெயர் தானாக வந்திருக்கும்.

எதற்கெல்லாம் நிற்பது? ஒவ்வொன்றுக்கும் நின்றால் எப்போது போய்ச் சேர்வது?

நான் வைத்திருக்கும் கணக்கு இது. தெரியாத பூ ஒன்று மூன்றாவது முறை கண்ணில் பட்டால் நிற்பேன். மூன்று இடத்தில் இருக்கிறதென்றால் அந்தப் பகுதியில் அது சாதாரணமான செடி. பெயர் தெரிந்துகொண்டால் மீதிப் பயணம் முழுக்கப் பயன்படும். எங்கும் பார்க்காத ஒன்று தனியாக நின்றால் உடனே பிரேக்தான், அது திரும்ப வராமல் போகலாம்.

பெரும்பாலான கண்டுபிடிப்புகள் ஏற்றத்தில்தான் நடக்கும். மூச்சு வாங்க நிற்பதற்கு ஒரு கௌரவமான காரணமும் கிடைக்கிறது. இறக்கத்தில் பூ பார்க்காதீர்கள், சாலையைப் பாருங்கள்.

செடிக்கு ஒரு படம் போதாதா?

போதாது. பூவின் முகத்தை மட்டும் அழகாகப் பிடித்த படம்தான் பெயர் கண்டுபிடிக்கக் குறைவாக உதவும் படம். குறைந்தது ஐந்து வேண்டும். முழுச் செடி, அது நிற்கும் இடத்தோடு. பூ நேருக்கு நேர். பூ பக்கவாட்டிலும் பின்னாலும், ஏனென்றால் இதழ்களுக்குக் கீழே இருக்கும் பச்சைப் புல்லிவட்டத்தின் அமைப்பு பல சமயம் தீர்ப்பையே மாற்றிவிடும். இலையும் அது தண்டில் ஒட்டியிருக்கும் விதமும். கடைசியாகக் காய் அல்லது விதை இருந்தால் அது.

இலை தண்டில் எப்படி அமைந்திருக்கிறது என்பதைத் தனியாகக் கவனியுங்கள். ஒரே கணுவில் இரண்டு இலை எதிரெதிராகவா, ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறியா, நாலைந்து சேர்ந்து வட்டமாகவா? இந்த ஒரு விவரத்திலேயே பாதிச் செடிகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். ரோமம், நரம்பு, வெளிறிய நிறம் எல்லாம் அங்கேதான் தெரியும்.

படத்தில் வராதவையும் உண்டு. வாசனை, தண்டின் தொடு உணர்வு, கிள்ளினால் பால் வடிகிறதா என்பது. தெரியாத செடியின் பால் கண்ணில் படக்கூடாது, எருக்கம்பால் பட்டால் கண்ணையே பாதிக்கும். அதனால் தானாக முறிந்த கிளை இருந்தால் அதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தில் அளவு தெரியவில்லை என்கிறார்களே?

இதற்குத் தனியாக அளவுகோல் வேண்டாம். டயரின் பக்கவாட்டைப் பாருங்கள், 28, 35, 40 என்று அகலம் மில்லிமீட்டரில் எழுதியிருக்கும். காற்றடித்த டயர் அந்த அளவிலிருந்து ஓரிரண்டு மில்லிமீட்டர்தான் மாறும். செடியை ஒட்டி முன்சக்கரத்தைக் கொண்டுபோய் நிறுத்திப் படம் எடுத்தால் அளவும் வந்துவிடும், எந்தப் பயணத்தில் எடுத்தது என்பதும் நினைவில் நிற்கும். கால்தடம், எச்சம் எல்லாவற்றுக்கும் இதையே செய்யலாம். சின்னப் பூ என்றால் விரல் நகம் போதும்.

பூவைப் பார்த்ததும் குறைந்தபட்சம் குடும்பத்தையாவது ஊகிக்க வழி உண்டா?

உண்டு. இதற்காகச் செலவிடும் நேரம் வீணாகாது. தனித்தனிப் பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். குடும்ப அடையாளங்கள் எந்த நாட்டில் பெடல் மிதித்தாலும் கூடவே வரும். ஆறேழு குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் சாலையோரத்தில் பார்ப்பதில் பெரும்பகுதிக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

முதலில் சூரியகாந்திக் குடும்பம். ஒரே பூ போலத் தெரிவது உண்மையில் நிறையச் சின்னப் பூக்களின் கூட்டம். நடுவில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பூ, ஓரத்தில் இதழ் போல நீளும் ஒவ்வொன்றும் ஒரு பூ. வெட்டுக்காயப் பூண்டை எடுத்துப் பாருங்கள். நடுவில் மஞ்சள், ஓரத்தில் வெளிறிய நிறத்தில் ஐந்து "இதழ்", ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து கிளம்பி இன்று உலகின் சூடான பகுதிகளில் எல்லாம் சாலையோரம் நிற்கிறது.

அடுத்து பயறுக் குடும்பம். வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருப்பது போன்ற பூ. மேலே பெரிய இதழ் ஒன்று, பக்கத்தில் இரண்டு சிறகு, கீழே படகு போல ஒட்டிய இரண்டு. சங்குப்பூ இதில் ஒரு குறும்புக்காரன், பூவே தலைகீழாகத் திரும்பி நிற்பதால் பெரிய இதழ் கீழே இருக்கும். தொட்டாற்சுருங்கியும் இதே குடும்பம்தான், ஆனால் அதன் ரோஸ் நிறப் பந்தில் தெரிவதெல்லாம் மகரந்தத் தாள்கள். பூ ஏமாற்றினாலும் காய் காட்டிக்கொடுக்கும். பயற்றங்காய் போல இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள். சதுரமாக இருந்து, இலை எதிரெதிராக வந்து, பூ உதடு பிளந்தது போல இருந்தால் துளசிக் குடும்பம். தும்பை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் உண்ணிச்செடிக்கும் தண்டு சதுரம்தான், அது வேறு குடும்பம். அதன் பூங்கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் ரோஸும் இருப்பதைப் பார்த்து இரண்டு வகைச் செடி என்று குழம்ப வேண்டாம். புதிதாக விரிந்தது மஞ்சள், பழசாக ஆக நிறம் மாறும்.

நாலே இதழ் சிலுவை போல, நாலு நீள மகரந்தத் தாளும் இரண்டு குட்டைத் தாளும் என்றால் கடுகுக் குடும்பம். மகரந்தத் தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து நடுவில் குழாய் போல நீண்டால் செம்பருத்தி, துத்தி வகையறா. இதழ் மூன்று அல்லது ஆறு, இலையில் நரம்பு இணைகோடாக ஓடினால் ஒருவித்திலைத் தாவரம். செங்காந்தளுக்கு ஆறு இதழ், கூடவே இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும். குடை விரித்தது போலச் சின்ன வெள்ளைப் பூக்கள் நின்றால் கொத்தமல்லிக் குடும்பம். இந்தக் குடும்பத்தில் உயிரைப் பறிக்கும் நஞ்சுச் செடிகளும் உண்டு, ஆகையால் பார்ப்பதோடு சரி.

அழகான மஞ்சள் பூப் படர்ந்த இடத்தில் சைக்கிளைச் சாய்த்தேன், இரண்டு சக்கரமும் பஞ்சர். அது என்ன செடி?

பெரும்பாலும் நெருஞ்சி. சைக்கிள்காரர்கள் பெயர் கற்க வேண்டிய முதல் செடி இதுதான் என்பேன். தரையோடு படரும், இலை சின்னச் சின்ன இணைகளாக இருக்கும், பூவுக்கு ஐந்து மஞ்சள் இதழ். காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்தபடி இருக்கும்படி அமைந்த காய் அது. விலங்கின் பாதத்தில் குத்தி ஊர் மாறுவதற்கான ஏற்பாடு, இப்போது டயரிலும் பயணம் செய்கிறது. ஆங்கிலத்திலும் அதைப் பஞ்சர் கொடி என்றே அழைக்கிறார்கள்.

முள்ளைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள், எங்கே குத்தியது என்று ட்யூபில் தேட அதுதான் அடையாளம். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அந்தப் படுகையை விட்டு வெளியே வந்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

எந்தச் செயலியை வைத்துக்கொள்வது?

செடிக்கும் பூச்சிக்கும் ஐநேச்சுரலிஸ்ட். 2008இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்களின் இறுதித் திட்டமாகத் தொடங்கியது. கணினி ஒரு ஊகம் சொல்லும், அப்புறம் மனிதர்கள் வந்து பார்த்து ஒப்புக்கொள்வார்கள் அல்லது மறுப்பார்கள். என் கணக்கில் அந்த இரண்டாவது பகுதிக்குத்தான் மதிப்பு. அதன் தம்பி சீக், இணையம் இல்லாத இடத்திலும் ஓரளவு வேலை செய்யும், கணக்குத் தொடங்கத் தேவையில்லை. செடிக்கு மட்டும் என்றால் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் நடத்தும் ப்ளான்ட்நெட். நீங்கள் காட்டுவது இலையா, பூவா, காயா, பட்டையா என்று கேட்டுக்கொண்டு தேடும்.

பறவைக்கு மெர்லின். கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014இல் வெளியிட்டது. 2021இலிருந்து குரலைக் கேட்டும் பெயர் சொல்கிறது. போகும் பகுதிக்கான தொகுப்பைக் கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத மலையிலும் ஓடும். இதை மறந்துவிட்டுப் போய் நடுக்காட்டில் "பதிவிறக்கம் தோல்வி" பார்த்து நின்றிருக்கிறேன்.

ஒரே செடிக்குச் செயலி மூன்று பெயர் சொல்கிறது. எதை நம்புவது?

மூன்றிலும் பொதுவாக இருப்பதை. மூன்றும் ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே குழுவில், வந்தால் பேரினத்தை எழுதிக்கொண்டு அங்கேயே நிறுத்துங்கள். குடும்பம் மட்டும் ஒத்துப்போனால் குடும்பத்தோடு நிறுத்துங்கள். குடும்பமே வேறு வேறாக இருந்தால் படம் சரியில்லை என்று பொருள்.

படத்தில் இல்லாத விவரத்தைச் செயலியால் பார்க்க முடியாது. சில செடிகளை விதையின் மேல்தோலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் பிரிக்க முடியும். அப்படிப்பட்டதற்கு 90 சதவீதம் உறுதி என்று செயலி சொன்னால் அது வெறும் தைரியம். இன்னொரு சோதனை, அந்த இனம் நீங்கள் நிற்கும் பகுதியில் இதற்குமுன் பதிவாகியிருக்கிறதா என்று வரைபடத்தில் பார்ப்பது. வேறொரு கண்டத்தில் மட்டும் வளரும் செடி என்றால், அது தோட்டத்திலிருந்து தப்பி வந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பெயர் தப்பு.

ஐநேச்சுரலிஸ்டில் "ஆய்வுத் தரம்" என்ற அடையாளம் வருவதற்கு நாள், இடம், படம் அல்லது ஒலி இவை இருக்க வேண்டும், பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இனத்தின் பெயரை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அது வராமல் "ஏதோ ஒரு துத்தி" என்று கிடப்பதில் அவமானம் எதுவும் இல்லை. என் பட்டியலில் பாதி அப்படித்தான் கிடக்கிறது.

தமிழ்ப் பெயர் தெரிந்தால் போதாதா? அறிவியல் பெயர் எதற்கு?

பேச்சுக்குத் தமிழ்ப் பெயர் போதும், தேடுவதற்குப் போதாது. காட்டாமணக்கு ஒரு செடி. நெய்வேலிக் காட்டாமணக்கு என்பது அதற்குச் சொந்தமே இல்லாத, பூசணிப் பூப் போலப் புனல் வடிவில் ரோஸ் பூப் பூக்கும் வேறு குடும்பத்துச் செடி. மறுபக்கம் சீமைக்கருவேலம், வேலிக்காத்தான் இரண்டும் ஒரே மரம். இந்தக் குழப்பம் எல்லா மொழியிலும் உண்டு.

ஸ்வீடனைச் சேர்ந்த தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் செடிகளுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் இரட்டைப் பெயர் முறையை நிலைநிறுத்தினார். முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம். நெருஞ்சிக்கு ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ் என்று அவர் வைத்த பெயர்தான் இன்றும். குறிப்பேட்டில் இரண்டையும் எழுதி வையுங்கள். வழியில் யாராவது உள்ளூர்ப் பெயர் சொன்னால் அதையும் அப்படியே, சொன்ன உச்சரிப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பறவை ஒரு நொடிதான் தெரிந்தது, பறந்துவிட்டது. இனி என்ன செய்வது?

போனைத் தேடாதீர்கள். மனதில் நிற்பதை அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள், முடிந்தால் குரல் பதிவாக. பத்து நிமிடம் கழித்துச் செயலியில் பறவைப் படங்களைப் புரட்டினால், பார்த்த பறவைக்குப் பதில் படத்தில் இருக்கும் பறவை நினைவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இது எல்லாருக்கும் நடக்கும்.

என்ன சொல்வது? முதலில் அளவு. சிட்டுக்குருவியா, மைனாவா, காக்கையா, இவற்றில் எதற்கு நெருக்கம்? அடுத்து அலகு. தடியா, ஊசியா, வளைந்ததா? வால் நீளமா, பிளவா? எங்கே இருந்தது, கம்பியிலா, தரையிலா, தண்ணீர் ஓரத்திலா? என்ன செய்துகொண்டிருந்தது? நிறம் கடைசி. வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் எல்லாப் பறவையும் கருப்புதான்.

பறக்கும் விதமே பல சமயம் பெயரைச் சொல்லிவிடும். மரங்கொத்தி அலை அலையாக, ஏறி இறங்கிப் போகும். கொண்டலாத்தி பெரிய பட்டாம்பூச்சி போலத் தடுமாறிப் பறக்கும், இறங்கியதும் கொண்டையை ஒருமுறை விசிறி போல விரித்து மூடும். கரும்பருந்து வட்டமிடும்போது பிளந்த வாலைத் திருப்பித் திருப்பித் திசை மாற்றும். தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் விழுந்தது போல விழுந்தால் அது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. தரையில் ஓடி ஓடி வாலை ஆட்டினால் வாலாட்டி, பெயரிலேயே இருக்கிறது.

ஒரு சின்ன உத்தி. கம்பியில் பறவை தெரிந்தால் அதற்கு நேர் எதிரே பிரேக் பிடிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளைப் பல பறவைகள் பொறுத்துக்கொள்ளும், அது நின்று அதிலிருந்து ஒரு மனிதன் இறங்கினால் பறந்துவிடும். கொஞ்சம் முன்பே நின்றுவிடுங்கள், அல்லது தாண்டிப் போய்த் திரும்பிப் பாருங்கள்.

பறவைக் குரலைப் பதிவு செய்தால் காற்றுச் சத்தம்தான் வருகிறது.

நின்று பதிவு செய்யுங்கள், உருட்டிக்கொண்டும் வேண்டாம். பின்சக்கரத்தின் டிக் டிக் சத்தத்தைச் சில செயலிகள் பூச்சி என்றே நினைக்கும். உடம்பைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து, போனின் மைக் முனையைப் பறவை பக்கம் காட்டி, அரை நிமிடம் அசையாமல் இருந்தால் போதும். தொடக்கத்தில் இடத்தின் பெயரை மெதுவாகச் சொல்லிவிடுங்கள். செயலி சொல்லும் பெயரை நம்புவதற்கு முன் பறவையை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க முயலுங்கள், கரிச்சான் மாதிரி அடுத்தவர் குரலில் கத்தும் பறவைகள் இருக்கின்றன.

பைனாகுலர் தேவையா? எடை கூடுமே?

8x25 என்று எழுதிய சின்னது ஒன்று போதும். 8 என்பது எத்தனை மடங்கு அருகில் காட்டும் என்பது, 25 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு வாங்கலாமே என்று தோன்றும். ஏற்றம் ஏறி இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போது 10 மடங்கில் பறவை நடனமாடும், அதனால் நான் 8க்கே ஓட்டுப் போடுவேன். அதைப் பையின் அடியில் வைத்தால் இல்லாததற்குச் சமம், ஹேண்டில்பார் பையில் இருக்கட்டும். தலைகீழாகத் திருப்பி, கண் வைக்கும் முனையைப் பூவுக்கு மிக அருகில் கொண்டுபோய் மறுமுனை வழியாகப் பாருங்கள். அதுவே பூதக்கண்ணாடி.

வண்ணத்துப்பூச்சி என் கையுறையிலேயே வந்து உட்காருகிறது. ஏன்? அதன் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் வியர்வை உப்புக்காகத்தான். பூந்தேனில் சோடியம் மிகக் குறைவு. ஈர மண், சாணம், வியர்வை என்று கிடைத்த இடத்தில் உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலும் ஆண் பூச்சிகள். சேர்த்த உப்பின் ஒரு பங்கு இணைசேரும்போது பெண்ணுக்குப் போய் முட்டைகளுக்குச் சேரும். சாலையோர ஈரத்தில் இருபது முப்பது ஒன்றாக உட்கார்ந்திருப்பதும் இதற்கே. மெதுவாக ஓட்டுங்கள்.

பெயருக்கு இரண்டு படம் வேண்டும். சிறகு மூடிய நிலையில் அடிப்பக்கம், விரித்த நிலையில் மேல்பக்கம். இரண்டும் முற்றிலும் வேறு நிறமாக இருக்கலாம். காலை எண்ணுங்கள், நாலு கால் மட்டும் தெரிந்தால் வரியன்கள் அடங்கிய பெரிய குடும்பம், முன்னங்கால் இரண்டும் சுருங்கி மார்போடு ஒட்டியிருக்கும். உணர்கொம்பின் நுனி உருண்டையாக இருந்தால் வண்ணத்துப்பூச்சி, இறகு போலவோ நூல் போலவோ இருந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி.

எருக்கஞ்செடி பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாகப் பறப்பது வெந்தய வரியனாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் புழு எருக்கிலையைத் தின்று நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது, பறவைகள் கிட்டே வருவதில்லை. அந்தப் பயத்தை இரவல் வாங்கிக்கொள்ள, நஞ்சே இல்லாத வேறொரு இனத்தின் பெண் பூச்சி அச்சாக அதே வேடம் போட்டுத் திரிகிறது. படம் தெளிவாக இல்லாவிட்டால் "வெந்தய வரியன் அல்லது போலி" என்றே எழுதி வையுங்கள்.

சாலையில் பாம்பு கிடந்தது. நஞ்சுள்ளதா என்று எப்படிப் பார்ப்பது?

அருகில் போய்ப் பார்க்கக் கூடாது. தார்ச்சாலை வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் மாலையிலும் முன்னிரவிலும் பாம்புகள் அதன்மேல் வந்து கிடக்கும். பல மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து ஒரு படம், அவ்வளவுதான். தலை முக்கோணமாக இருந்தால் நஞ்சு என்பதை நம்பாதீர்கள். நாகத்தின் தலை முக்கோணம் இல்லை. நஞ்சில்லாத பாம்புகள் பல, பயந்தால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும். அடிபட்டுச் செத்த பாம்பையும் தொட வேண்டாம், செத்த பிறகும் சிறிது நேரம் தலை கடிக்கும்.

கடித்துவிட்டால் பெயர் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கைகாலை அசைக்காமல் வைத்து, பெடல் மிதிக்காமல், வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. பாம்பைத் துரத்திப் படம் எடுக்கப் போய் இரண்டாவது கடி வாங்கவும் வேண்டாம்.

விலங்கைப் பார்க்கவில்லை, தடம் மட்டும் இருக்கிறது.

மண்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு அதிகம் கிடைப்பது இதுதான். நாய் வகையா பூனை வகையா என்பதிலிருந்து தொடங்குங்கள். நாய், நரி, ஓநாய்த் தடங்களில் நக நுனி பதிந்திருக்கும். பூனை, சிறுத்தை, புலி நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் பதியாது. சிவிங்கிப்புலி பூனைக் குடும்பத்தில் ஒரு விதிவிலக்கு, அதற்கு நகம் பதியும். பூனைவகைத் தடத்தின் பின்மெத்தையின் அடிவிளிம்பில் மூன்று வளைவு இருக்கும். பக்கத்தில் டயரை வைத்து நேர் மேலிருந்து ஒரு படம், கொஞ்சம் தள்ளி நின்று நடையின் வரிசை தெரிய இன்னொரு படம்.

எச்சத்தைக் குச்சியால் கிளறலாம், கையால் வேண்டாம். ரோமமும் எலும்பும் இருந்தால் இறைச்சி தின்பது, விதையாக இருந்தால் பழம் தின்பது. மரத்தடியில் ரோமமும் சின்ன எலும்புகளும் உருண்டையாகக் கிடந்தால் அது எச்சமே இல்லை, ஆந்தை விழுங்கியதில் செரிக்காததைக் கக்கிய உருண்டை. மேலே பாருங்கள், அதே மரத்தில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவற்றையும் பதிவு செய்வதா?

செய்யலாம், மனம் ஒப்பினால். இரவில் மட்டும் நடமாடும் பல விலங்குகள் இப்படித்தான் முதன்முதலில் கண்ணில் படுகின்றன. எந்த வளைவில் என்ன அடிபடுகிறது என்பது சேர்ந்தால் விலங்குகள் சாலையைத் தாண்ட எங்கே கடவுப்பாதை தேவை என்பது தெரியும். பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதியான பிறகு மட்டும், சாலையின் ஓரத்திலிருந்து.

உயிரோடு பெரிய விலங்கு எதிரே வந்தால்?

பெயர் அப்புறம். நின்று, அதற்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்து, மெதுவாகப் பின்வாங்குங்கள். வேகமாக ஓட்டித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம், ஓடுவதைத் துரத்துவது பல வேட்டை விலங்குகளின் இயல்பு. குட்டியோடு இருக்கும் தாயிடம் இரண்டு மடங்கு எச்சரிக்கை.

பறவையும் தாக்கும். ஆஸ்திரேலியாவில் மேக்பை என்னும் கருப்பு வெள்ளைப் பறவை கூடு கட்டும் காலத்தில், சுமாராக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, சைக்கிள்காரர்களின் தலையைக் குறிவைத்துப் பாயும். பெரும்பாலும் ஆண் பறவை. இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் பல சமயம் விட்டுவிடும்.

மலை ஏறும்போது ஒரு மணி நேரத்தில் பூக்களே மாறிவிடுகின்றன. ஏன்?

ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. கொஞ்ச தூர ஏற்றத்திலேயே வேறொரு தட்பவெப்பத்துக்குள் போய்விடுகிறீர்கள். ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் 1802இல் தென் அமெரிக்காவின் சிம்போராசோ எரிமலையில் ஏறியபோது இதைக் கவனித்து, எந்த உயரத்தில் எந்தச் செடி என்று மலையின் குறுக்குவெட்டுப் படமாகவே 1807இல் வெளியிட்டார். சைக்கிள் கணினி உயரத்தைக் காட்டினால் குறிப்பில் அதையும் எழுதுங்கள், பெயர் தேடும்போது பட்டியலைப் பாதியாகக் குறைக்கும். நேரமும் அப்படித்தான். காலையில் பூத்திருந்த கொடி மதியம் திரும்பி வரும்போது மூடியிருக்கும், அந்திமந்தாரை சாயங்காலம்தான் விழிக்கும்.

தொடவே கூடாத செடிகள் எவை? காட்டுப் பழத்தைச் செயலி சரியென்று சொன்னால் சாப்பிடலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடாது. செயலியின் ஊகம் வயிற்றுக்கு உத்தரவாதம் இல்லை. குன்றிமணி, ஆமணக்கு விதை, ஊமத்தை, செங்காந்தள் கிழங்கு எல்லாம் பார்க்க அழகு, உள்ளே கொடிய நஞ்சு. தொடுவதில் பார்த்தீனியம் பலருக்குத் தோல் அரிப்பு தரும். குளிர் நாடுகளில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து பெரிய வெள்ளைக் குடைப்பூ விரிக்கும் ராட்சத ஹாக்வீடின் சாறு பட்ட தோல் வெயிலில் கொப்பளித்துவிடும்.

சாக்ஸில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவி மட்டும் எரிச்சலைத் தவிர எதுவும் செய்யாது. 1941இல் ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், பர்டாக் செடியின் முள்ளுருண்டை நாயின் ரோமத்தில் ஒட்டியதைப் பார்த்துத்தான் வெல்க்ரோவை யோசித்தார். உங்கள் கையுறையின் பட்டையே அந்த ஒட்டல்தான்.

ஒரு பூவைப் பறித்துக் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளலாமா?

காப்பகங்களுக்குள் பல இடங்களில் சட்டப்படி குற்றம். எல்லை தாண்டும் பயணத்தில் ஆர்க்கிட் போன்றவற்றைக் கொண்டுபோனால் பெரிய வம்பு, ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. படமே போதும். நீங்கள் அறியாமல் விதை கடத்துவதும் நடக்கும். டயர் இடுக்கில் சேரும் சேற்றை அடுத்த பகுதிக்குப் போகும் முன் கழுவிவிடுங்கள்.

அரிய செடியின் இடத்தைப் பகிரலாமா?

துல்லியமாக வேண்டாம். அருகிவரும் இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மங்கலாக்கும். ஆனால் நீங்கள் அதே நாளில் போன பாதையின் ஜிபிஎஸ் தடத்தை வேறொரு செயலியில் எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருந்தால், நின்ற புள்ளியை யாரும் கண்டுபிடித்துவிடலாம். கூடு, ஆர்க்கிட், சந்தனமரம் பார்த்த அன்று தடத்தைப் பூட்டி வையுங்கள்.

கேமராவில் ஜிபிஎஸ் இல்லை. எந்தப் படம் எங்கே எடுத்தது என்று குழம்புகிறது.

தினமும் காலையில் போன் திரையில் தெரியும் நேரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுங்கள், நொடி தெரிந்தால் இன்னும் நல்லது. கேமரா கடிகாரம் எவ்வளவு முன்பின் என்பது அந்தப் படத்தில் பதிந்துவிடும். சைக்கிள் கணினியின் தடப்பதிவில் அதே நேரத்தைத் தேடினால் இடம் கிடைக்கும். நேர மண்டலம் மாறும் பயணத்தில் கேமரா கடிகாரத்தைத் தொடவே தொடாதீர்கள், நடுவில் மாற்றினால் கணக்கு இரண்டாகிவிடும்.

ஐந்து வருடப் பழைய பயணப் படங்கள் இருக்கின்றன. இப்போது பெயர் தேடிப் பயன் உண்டா?

உண்டு. நாளும் தோராயமான இடமும் தெரிந்தால் பழைய படமும் பதிவுதான். பூ மட்டும் இருக்கும் படங்களை ஒதுக்கிவிட்டு, பின்னணியில் இலை தெரிகிற படங்களிலிருந்து தொடங்குங்கள். சைக்கிளைச் சாய்த்து வைத்து எடுத்த படங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான் இரண்டு வருடம் பெயர் தேடிய ஒரு கொடியின் காய், என் பின்சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்கு நடுவில் தெளிவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்தது சைக்கிளுக்காக.